மூடிய பெட்டி: ஐபாடின் நிறையும் குறையும்

ஒரு கருவியை எடைபோடச் சிறந்த காலம், அது கடைகளைவிட்டு நீங்கிய பிறகுதான். விற்பனையில் இருக்கும்வரை, விளம்பரம் ஒருபுறமும் அதன்மீதான எரிச்சல் மறுபுறமுமாகத் தராசை ஆட்டிக்கொண்டே இருக்கும். ஆப்பிள் நிறுவனத்தின் ஐபாட் 2001 அக்டோபர் 23 அன்று கலிபோர்னியாவின் கூபர்டினோ நகரில் அறிமுகமானது. அதன் கடைசி வாரிசான ஐபாட் டச் நிறுத்தப்படுவதாக 2022 மே 10 அன்று அறிவிப்பு வந்தது. இடையில் ஓடியவை இருபது ஆண்டுகளும் சில மாதங்களும். தராசு இப்போது அசைவற்று நிற்கிறது. நிதானமாகக் கணக்குப் பார்க்கலாம்.

நிறைகளை இடப்பக்கத்திலும் குறைகளை வலப்பக்கத்திலும் எழுதிக் கூட்டிக் கழித்து விடை காண்பதுதான் இத்தகைய கணக்கின் வழக்கமான முறை. ஐபாடைப் பொறுத்தவரை அந்த முறை பயன்படவில்லை என்பதே என் அனுபவம். எந்த முடிவிலிருந்து அதன் பெரிய நிறைகள் பிறந்தனவோ, அதே முடிவிலிருந்துதான் அதன் பெரிய குறைகளும் பிறந்தன. பெட்டியை மூடிவிடுவது என்பதே அந்த முடிவு. அந்த ஒற்றை முடிவின் வரலாற்றைச் சற்று விரிவாகப் பார்க்க முயல்கிறேன்.

*

நடந்துகொண்டே இசை கேட்கும் பழக்கத்தை உலகுக்குக் கொடுத்தது ஐபாட் அல்ல. 1979 ஜூலை 1 அன்று ஜப்பானில் சோனி நிறுவனம் வாக்மேனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நீண்ட விமானப் பயணங்களில் இசை கேட்க விரும்பிய சோனியின் நிறுவனர் மஸாரு இபுகாவின் ஆசைதான் அதற்கு வித்து. இன்னொரு நிறுவனரான அகியோ மொரிட்டாவுக்கு ஒரு தயக்கம் இருந்தது. அருகில் ஒருவர் இருக்கையில் தான் மட்டும் காதை மூடிக்கொண்டு இசை கேட்பது மரியாதைக் குறைவாகப் படுமே என்று அவர் எண்ணினார். ஆகவே முதல் வாக்மேனில் இருவர் கேட்பதற்கு இரண்டு துளைகள் வைக்கப்பட்டன. கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஒருவரோடொருவர் பேச ஆரஞ்சு நிறப் பொத்தான் ஒன்றும் இருந்தது. ஆனால் மக்கள் தனியாகவே கேட்க விரும்பினார்கள். பின்வந்த மாதிரிகளில் அந்தப் பொத்தானும் இரண்டாவது துளையும் மறைந்துபோயின. பின்னாளில் ஐபாடின்மீது சுமத்தப்பட்ட ‘தனிமைப்படுத்தும் கருவி’ என்ற குற்றச்சாட்டின் வேர் இங்கே, இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்பே ஊன்றப்பட்டுவிட்டது.

வாக்மேனின் எல்லை ஒலிநாடாவின் எல்லைதான். இசையை நாடாவிலிருந்தும் தட்டிலிருந்தும் விடுவித்தது எம்.பி.3. குறுந்தகட்டில் ஒலி நொடிக்கு 44,100 முறை அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவும் 16 பிட். இரண்டு தடங்களையும் சேர்த்தால் நொடிக்குச் சுமார் 14 லட்சம் பிட்டுகள். நான்கு நிமிடப் பாடல் ஒன்று 42 மெகாபைட்டை எட்டிவிடும். ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் ஃபிரவுன்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்கும் அவருடைய சகாக்களும் மனிதச் செவியின் ஒரு பலவீனத்தைப் பயன்படுத்திக்கொண்டார்கள். உரத்த ஒலி ஒன்று எழும்போது, அதற்கு அருகிலுள்ள மெல்லிய ஒலி நம் காதுக்குத் தட்டுப்படுவதில்லை. தட்டுப்படாததை எதற்காகச் சேமிக்க வேண்டும்? அவ்வாறு கழித்துக்கொண்டே போனால், அதே பாடல் நான்கு மெகாபைட்டுக்குள் அடங்கிவிடுகிறது. பின்னணி இசை ஏதுமின்றி சூசன் வேகா பாடிய ‘டாம்ஸ் டைனர்’ என்ற பாடல் அவர்களுக்கு உரைகல்லாக இருந்தது. ஒற்றைக் குரலில் உண்டாகும் சிறு கோணலும் உடனே காதில் உறுத்தும் என்பதே காரணம். 1995 ஜூலையில் இந்தக் கோப்புகளுக்கு எம்.பி.3 என்ற பின்னொட்டு முடிவாயிற்று.

1998இல் முதல் கருவிகள் வந்தன. தென்கொரியாவின் ஸேஹான் நிறுவனம் எம்.பி.மேன் என்ற கருவியை வெளியிட்டது. அதே ஆண்டில் அமெரிக்காவில் டைமண்ட் நிறுவனத்தின் ரியோ வந்தது. ரியோவின் நினைவகம் 32 மெகாபைட். அரைமணி நேர இசைதான் அதில் கொள்ளும். இதற்கே அஞ்சிய அமெரிக்க ஒலிப்பதிவுத் துறையினரின் சங்கம் நீதிமன்றம் சென்றது. 1999 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரியோவுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஒருவர் தம்மிடம் ஏற்கெனவே உள்ள இசையைக் கணினியிலிருந்து கையடக்கக் கருவிக்கு இடம் மாற்றிக்கொள்வது அவருடைய சொந்தப் பயன்பாடு என்பதே தீர்ப்பின் சாரம். அதிகம் பேசப்படாத இந்தத் தீர்ப்பு நின்றிராவிட்டால் ஐபாட் தோன்றியிருப்பதே கடினம். வாங்கிய இசை வாங்கியவருடையது. அதை அவர் எங்கு வேண்டுமானாலும் எடுத்துச் செல்லலாம். இந்த எண்ணத்தின்மீதுதான் அதன் பிறகு நடந்த அனைத்தும் எழுந்தன. அந்த எண்ணம் எப்படித் தேய்ந்தது என்பதும் இதே கதையின் பகுதிதான்.

*

ஐபாட் வந்தபோது இணையத்தில் அதற்குக் கிடைத்த முதல் வரவேற்பு ஏளனம். ஸ்லாஷ்டாட் தளத்தை நடத்திவந்த ராப் மால்டா, இதில் கம்பியில்லாத் தொடர்பு இல்லை, நோமாட் கருவியைவிடக் கொள்ளளவும் குறைவு என்று ஒரே வரியில் ஒதுக்கித் தள்ளினார். பட்டியலின்படி அவர் கூறியது சரியே. சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 2000இல் வெளியிட்ட நோமாட் ஜூக்பாக்ஸின் கொள்ளளவு 6 கிகாபைட். ஐபாடுக்கு 5 தான். விலையோ 399 டாலர். அதுவும் ஆப்பிளின் மெக்கின்டாஷ் கணினியோடு மட்டுமே இணையும்.

பட்டியலில் இல்லாதவை என்னென்ன என்று பார்ப்போம். நோமாட் ஒரு குறுந்தகட்டு இயக்கியின் பருமன் கொண்டது; ஐபாடின் எடை 184 கிராம், சட்டைப்பையில் அடங்கும். ஜப்பானின் தோஷிபா நிறுவனம் 1.8 அங்குல வன்தட்டு ஒன்றைச் செய்து வைத்துக்கொண்டு, அதை எதற்குப் பயன்படுத்துவது என்று தெரியாமல் இருந்தது. 2001இன் தொடக்கத்தில் அங்கு சென்ற ஆப்பிளின் ஜான் ரூபின்ஸ்டைனுக்கு அதன் பயன் உடனே விளங்கியது. டோனி ஃபடெல் தலைமையில் ஒரு குழு ஓராண்டுக்குள் கருவியைச் செய்து முடித்தது. அன்றைய சாதாரண யு.எஸ்.பி. இணைப்பில் ஆயிரம் பாடல்களை ஏற்ற மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஃபயர்வயர் இணைப்பின் துணையால் ஐபாடில் அது நிமிடக் கணக்கில் முடிந்தது.

இன்னொரு நுட்பமும் உள்ளது. சுழலும் வன்தட்டு மின்சாரத்தைக் குடிக்கும். நடையின் அதிர்ச்சியையும் தாங்காது. ஐபாடில் 32 மெகாபைட் இடைநினைவகம் இருந்தது. வன்தட்டு சற்றுநேரம் சுழன்று சில பாடல்களை அதில் இறக்கிவைத்துவிட்டு உறங்கப் போய்விடும். ரியோவில் மொத்த நூலகமாக இருந்த அதே 32 மெகாபைட், இங்கே வெறும் முன்திண்ணையாயிற்று. பேட்டரி பத்து மணி நேரம் தாங்கியதும், ஓடும்போதும் பாட்டு தடுக்காமலிருந்ததும் இதனால்தான்.

எல்லாவற்றுக்கும் மேலாக அந்தச் சக்கரம். சந்தைப்படுத்தல் பிரிவின் தலைவர் ஃபில் ஷில்லர் முன்வைத்த யோசனை அது. ஆயிரம் பாடல்களின் பட்டியலில் கீழே செல்ல ஒரு பொத்தானை ஆயிரம் முறை அழுத்த முடியாது. கட்டைவிரலால் வட்டமாகத் தடவினால் பட்டியல் ஓடுகிறது. விரைந்து தடவினால் விரைந்து ஓடுகிறது. கையேட்டைப் படிக்காமலே எவரும் பழகிக்கொள்ளலாம். கருவியில் செய்ய வேண்டிய வேலைகளில் பெரும்பகுதியைக் கணினியிலுள்ள ஐட்யூன்ஸ் மென்பொருளிடம் தள்ளிவிட்டதால்தான் இந்த எளிமை வாய்த்தது. கோப்புகளைப் பெயரிடுவது, அடுக்குவது, அழிப்பது எல்லாம் அங்கே. இங்கே கேட்பது மட்டும்.

மூடுவதின் பயன் இதுதான். பின்புறம் பளபளக்கும் எஃகு. திருகாணி இல்லை, பேட்டரிக்குக் கதவு இல்லை. வன்பொருள், மென்பொருள், பின்னாளில் கடை என்று மூன்றும் ஒரே கையில். மற்றவர்கள் பாகங்களைச் சேர்த்து விற்றார்கள். ஆப்பிள் ஓர் ஒழுங்கை விற்றது. 2002இல் விண்டோஸ் கணினிகளுக்கும் வழி திறந்தது. 2007 ஏப்ரலில் விற்பனை பத்துக் கோடியைத் தாண்டியது.

*

இனி அதே கதவின் மறுபக்கம்.

திருகாணி இல்லாத பெட்டிக்குள் இருப்பது லித்தியம் பேட்டரி. அது தேயும் பொருள். சில நூறு முறை மின்னேற்றிய பிறகு அதன் கொள்ளளவு இறங்கத் தொடங்கும். வன்தட்டும் சக்கரமும் நன்றாக இருக்கையிலேயே பேட்டரி கிழடுதட்டிவிடும். 2003இல் நியூயார்க்கைச் சேர்ந்த நைஸ்டாட் சகோதரர்கள், நகரத்துச் சுவர்களில் ஒட்டப்பட்டிருந்த ஐபாட் விளம்பரங்களின்மீது, இதன் பேட்டரி பதினெட்டு மாதங்களே தாங்கும் என்று அச்சிட்டுக்கொண்டே சென்று, அதைப் படமெடுத்து இணையத்தில் வெளியிட்டார்கள். ஏறத்தாழ அதே வேளையில் 99 டாலருக்கு பேட்டரி மாற்றித்தரும் திட்டத்தை ஆப்பிள் அறிவித்தது. 2005இல் வாடிக்கையாளர்கள் தொடுத்த கூட்டு வழக்கு ஒன்று சமரசத்தில் முடிந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு 50 டாலர் மதிப்புள்ள சீட்டு கிடைத்தது. குறையை ஈடுகட்டினார்களே தவிர, கதவு வைக்கவில்லை. கதவில்லாத கைப்பேசியை இன்று நாம் இயல்பென்று ஏற்றுக்கொண்டிருக்கிறோம். அந்த ஏற்பைப் பழக்கிய கருவிகளுள் ஐபாடுக்கு முக்கிய இடம் உண்டு.

இரண்டாவது மூடல் மென்பொருளில். கணினியிலிருந்து ஐபாடுக்குப் பாடல் செல்லும்; ஐபாடிலிருந்து வேறொரு கணினிக்குத் திரும்பி வராது. பாடல்கள் கண்ணுக்குத் தெரியாத கோப்புறைகளில் ஒளித்துவைக்கப்பட்டன. வேறொரு கணினியின் நூலகத்தோடு ஒத்திசைத்தால், உள்ளே இருந்தவை அழிந்து புதியவை ஏறும். முதல் ஐபாடைச் சுற்றியிருந்த மெல்லிய உறையில், இசையைத் திருடாதீர்கள் என்ற வாசகம் நான்கு மொழிகளில் அச்சிடப்பட்டிருந்தது. வாங்கியவரைச் சந்தேகத்தோடு வரவேற்ற விருந்து அது.

மூன்றாவது, கடை. 2003 ஏப்ரல் 28 அன்று ஐட்யூன்ஸ் இசைக்கடை இரண்டு லட்சம் பாடல்களோடு திறந்தது. பாடலொன்று 99 சென்ட். ஐந்து பெரிய இசை நிறுவனங்களும் ஒப்புக்கொண்டதற்கு ஒரு காரணம், பாடல்களில் பூட்டப்பட்ட ஃபேர்பிளே என்ற காப்புப்பூட்டு. கடையில் வாங்கியதை வேறு நிறுவனத்தின் கருவியில் கேட்க முடியாது. 2004இல் ரியல்நெட்வொர்க்ஸ் நிறுவனம் தன் கடைப் பாடல்களும் ஐபாடில் ஒலிக்க வழி கண்டபோது, ஆப்பிள் தன் மென்பொருளைத் திருத்தி அந்த வழியை அடைத்தது. இது குறித்த வழக்கு பத்தாண்டுகள் நடந்தது. 2014 டிசம்பரில் ஓக்லண்டில் கூடிய நடுவர் குழு ஆப்பிளின் பக்கமே தீர்ப்புச் சொன்னது.

நியாயமாகச் சொல்ல வேண்டிய இன்னொன்றும் உண்டு. 2007 பிப்ரவரியில் எழுதிய திறந்த கட்டுரையில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு கணக்கைக் காட்டினார். சராசரி ஐபாடில் உள்ள இசையில் மூன்று விழுக்காட்டுக்கும் குறைவானதே பூட்டிய இசை. மீதியெல்லாம் பூட்டற்றவை; மக்கள் தங்கள் குறுந்தகடுகளிலிருந்து ஏற்றியவை, நண்பர்களிடம் வாங்கியவை, நாப்ஸ்டர் காலத்தில் இணையத்திலிருந்து அள்ளியவை. தன் தரப்பை நியாயப்படுத்தவே அவர் அதைச் சொன்னார் என்றாலும், உண்மை அதில் இருக்கிறது. பெட்டி மூடியிருந்தது, ஆனால் உள்ளே இருந்தது பெரும்பாலும் கேட்பவரின் சொந்தச் சேகரம். 2009 ஜனவரியில், கடைப் பாடல்களிலிருந்தும் பூட்டு நீக்கப்படும் என்று ஆப்பிள் அறிவித்தது.

*

கருவியின் இன்னொரு குறை அவ்வளவாகப் பேசப்படவில்லை. இசை ரசிகர்களுக்கு அது முக்கியம். ஐபாட் இசையைப் பார்த்த பார்வை, பாடல், பாடகர், தொகுப்பு என்ற மூன்று கட்டங்களால் ஆனது. மேற்கத்திய வெகுசன இசைக்கு அது பொருந்தும். பீத்தோவனின் ஐந்தாம் சிம்பனியில் மூன்றாம் பகுதி நிற்காமல் நான்காம் பகுதிக்குள் பாய்கிறது. அந்தப் பாய்ச்சலுக்காகவே முந்தைய இருண்ட நிமிடங்கள் எழுதப்பட்டுள்ளன. ஐபாடில் அந்த இடத்தில் ஒரு சிறு வெற்றிடம் விழும். இரண்டு கோப்புகள், ஆகவே இரண்டு பாடல்கள், நடுவில் மௌனம். இந்த இடைவெளியைப் போக்க 2006 செப்டம்பர்வரை ஆயிற்று.

கர்நாடக இசை கேட்பவருக்கும் இதே இடர்ப்பாடுதான். இயற்றியவருக்கு ஒரு கட்டம் இருந்தது. ராகத்துக்கும் தாளத்துக்கும் பக்கவாத்தியக்காரருக்கும் இடமில்லை. கல்யாணியை மட்டும் கேட்க விரும்பும் ரசிகர், ராகத்தின் பெயரைப் பாடலின் பெயரோடு ஒட்டியோ, இசைவகைக்குரிய கட்டத்தில் இட்டோ சமாளிக்க வேண்டியிருந்தது. ராகம், தானம், பல்லவி என்று மூன்று கோப்புகளாக நறுக்கப்பட்ட ஒரு மணி நேரத்தை, வரிசை கலைத்து இசைக்கும் ஏற்பாடு எங்கெங்கோ வீசிவிடும். ஆனால் அதே ரசிகர் தம் ஒலிநாடாக்களிலிருந்து மாற்றிய பழைய கச்சேரிகளை, எந்தக் கடையிலும் கிடைக்காதவற்றை, அதே பெட்டிக்குள் ஏற்றிக்கொள்ளவும் முடிந்தது. அதற்கு அவர் எவருடைய அனுமதியையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. இந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

செவியின் நலம் குறித்த குறையையும் விட்டுவிட இயலாது. ஒலியளவு 100 டெசிபலைத் தாண்டக்கூடாது என்ற சட்டத்தால் 2002இல் பிரான்சில் விற்பனை தடைப்பட்டு, மென்பொருளைத் திருத்திய பிறகே தொடர்ந்தது. உச்ச ஒலியளவுக்கு எல்லை வகுத்துக்கொள்ளும் வசதி 2006இல் வந்தது. தனிமையைப் பற்றியோ, சமூகவியலாளர் மைக்கேல் புல் 2007இல் ஒரு நூலே எழுதினார். அந்தக் குற்றத்தை ஐபாடின் தலையில் மட்டும் சுமத்த எனக்கு மனம் வரவில்லை. இரண்டாவது துளையை மறுதலித்தவர்கள் நாம்தான்.

*

சக்கரம் வைத்த கடைசி ஐபாடான கிளாசிக் 2014 செப்டம்பரில் நிறுத்தப்பட்டது. தேவையான பாகங்கள் கிடைக்கவில்லை என்று டிம் குக் விளக்கம் அளித்தார். அதற்குள் கைப்பேசி அதன் வேலையை எடுத்துக்கொண்டுவிட்டது. 2008இல் ஸ்வீடனில் தொடங்கிய ஸ்பாட்டிஃபை, பாட்டை வாங்காமல் மாத வாடகைக்குக் கேட்கும் முறையைப் பரப்பியது. 2015 ஜூனில் ஆப்பிளும் அதே வழிக்கு வந்தது. ஐந்து கிகாபைட் எங்கே, கோடிக்கணக்கான பாடல்கள் எங்கே! வசதியில் ஒப்பீடே இல்லை.

ஆனால் இந்த இடத்தில் கணக்கு தலைகீழாகிறது. சக்கரம் வைத்த ஐபாட் வலைக்குள் நுழைய வழியற்றது. அதில் ஏற்றிய பாட்டை, உரிமம் முடிந்துவிட்டது என்று எவரும் இரவோடு இரவாக எடுத்துவிட முடியாது. சந்தா கட்டத் தவறினால் மௌனமாகாது. நள்ளிரவில் ஒரே பாட்டை நாற்பது முறை கேட்டவனைப் பற்றி அது தானாக எங்கும் போய்ச் சொல்வதில்லை. பேட்டரியை மாற்ற இயலாதபடி மூடிய கருவி என்று நாம் குறைசொன்ன அதே பெட்டிதான், உள்ளிருக்கும் இசையைப் பொறுத்தவரை நம் கையில் முழுமையாக இருந்த கடைசிப் பெட்டிகளுள் ஒன்று. கருவியை மூடியது ஐபாட். நூலகத்தையே மூடியது அதற்குப் பின்வந்த காலம். முன்னதைப் பழகியதனால்தான் பின்னது அவ்வளவு எளிதாக நமக்குப் பழகிற்று என்றும் எனக்குத் தோன்றுகிறது. முதலில் பேட்டரிக் கதவு போயிற்று. பிறகு பாடலை வெளியே எடுக்கும் வழி போயிற்று. இறுதியில் பாடலே போயிற்று. கேட்கும் அனுமதி மட்டும் மிஞ்சியது.

ஆகவே என் தீர்ப்பு இரண்டு பகுதிகளாக இருக்கிறது. ஒரு கருவி என்ற அளவில் ஐபாடின் நிறையே மிகுதி. சேகரித்த இசையைச் சட்டைப்பையில் வைத்து, ஒரு விரலால் தேடிக் கேட்க வைத்த அந்த ஒழுங்குக்கு நிகரான ஒன்று அதற்கு முன் இருந்ததில்லை. ஒரு முன்னுதாரணம் என்ற அளவில் அதன் குறையே மிகுதி. வாங்கியவன் திறக்கக்கூடாத பொருள் என்ற கருத்தை அழகின் பெயரால் நம்மை ஏற்க வைத்தது அது.

இன்றும் சிலர் பழைய ஐபாடுகளைத் தேடி வாங்குகிறார்கள். மெல்லிய தகடு ஒன்றை எஃகு விளிம்பில் நுழைத்து நெம்பித் திறக்கிறார்கள். தேய்ந்த வன்தட்டை எடுத்துவிட்டு நினைவக அட்டையைப் பொருத்துகிறார்கள். புதிய பேட்டரியை வைத்து மூடுகிறார்கள். மீண்டும் பாடுகிறது. இதைப் பழமை மோகம் என்று மட்டும் என்னால் ஒதுக்க முடியவில்லை. தன்னிடம் இருப்பதைத் தானே திறந்து, தானே பழுதுபார்த்து, தானே வைத்துக்கொள்ளும் உரிமையை அவர்கள் சிறிய அளவில் மீட்டுக்கொள்கிறார்கள். நமக்கு ஐபாட் தேவையில்லை. ஆனால் உயிருக்கு நெருக்கமான நூறு பாடல்களின் பிரதியையேனும், சந்தாவுக்கு வெளியே, சொந்தமாக ஓரிடத்தில் சேர்த்து வைத்துக்கொள்வது நல்லது.